பிரீகாஸ்ட் வீடுகள் ஏன் இன்னும் பரவவில்லை? தொடக்கநிலை வாசகர்களுக்கு ஒரு விளக்கம்

தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் பிரீகாஸ்ட் எனப்படும் முன்வார்ப்புக் கட்டுமானம் கண்ணில் படும். காலி மனையைச் சுற்றி நிற்கும் ரெடிமேட் காம்பவுண்டு, கிணற்றிலும் செப்டிக் டேங்கிலும் இறக்கும் சிமென்ட் உறை, சாலைக்கு அடியில் போகும் வடிகால் குழாய் எல்லாமே வேறோர் இடத்தில் வார்த்து, இறுகவிட்டு, கொண்டுவந்து பொருத்துபவைதான். இவை பரவுவதற்கு எந்த அரசுத் திட்டமும் தேவைப்படவில்லை. காம்பவுண்டுப் பலகை ஏழடி நீளம், ஓரடி உயரம், இரண்டு அங்குலக் கனம் என்றால் எடை ஏறத்தாழ 80 கிலோ. இரண்டு பேர் பிடித்துத் தூக்கிவிடலாம். எல்லாப் பலகைக்கும் ஒரே மோல்டு, அதாவது வார்ப்பு அச்சு. ஓர் அடிக்கு இவ்வளவு என்று விலை பேசி, வேலை முடிந்ததும் கணக்கைத் தீர்த்துக்கொள்கிறார்கள்.

அடுக்குமாடி வீட்டுக்கு இதே முறையைக் கொண்டுபோனால் இந்த வசதிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோகின்றன. மோல்டு பலவிதம் தேவைப்படுகிறது. எடை டன் கணக்கில் ஏறுகிறது. எல்லாவற்றையும்விட, வழக்கமாகக் கட்டட வேலையின் கடைசியில் எடுக்கும் முடிவுகளையும் கடைசியில் போடும் பணத்தையும் முதல் மாதத்திலேயே கேட்கிறது. பிரீகாஸ்ட் வீடுகள் பரவாததற்கு மக்கள் மனநிலையைக் காரணம் சொல்வது வழக்கம். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் பெரிய தடை, நம் கட்டுமானத் தொழிலில் வேலையும் பணமும் பொறுப்பும் கைமாறும் வரிசை. அந்த வரிசை தளத்திலேயே, அதாவது கட்டும் இடத்திலேயே, வார்க்கும் கான்கிரீட்டுக்காக அமைந்தது.

எதையெல்லாம் பிரீகாஸ்ட் என்கிறோம்?

கட்டடத்தின் பாகங்களை வேறிடத்தில் தயாரித்து, தளத்தில் கோப்பது பிரீஃபேப். அதில் கான்கிரீட் பாகங்களை மட்டும் குறிப்பது பிரீகாஸ்ட், அதாவது முன்வார்ப்பு. தூண், உத்தரம், தளப் பலகை (மாடியின் தரையாகும் பலகை) எனத் தனித்தனியாக வார்த்துக் கோப்பது ஒரு வகை. சுவரையே பெரிய பலகையாக வார்த்து, அந்தச் சுவர்மீதே மாடிகளை ஏற்றுவது இன்னொரு வகை. அறையையே பெட்டிபோல வார்த்து, உள்ளே ஓடு, குழாய் எல்லாம் முடித்து அடுக்குவது மூன்றாவது. தொழிற்சாலைக் கொட்டகைகளுக்குப் போடும் ஆயத்த இரும்புச் சட்டகமும் பிரீஃபேப்தான். ஆனால் அதற்கு நம் ஊரில் தடை ஏதும் பெரிதாக இல்லை, நன்றாகவே பரவியிருக்கிறது. எந்த வகையானாலும் அஸ்திவாரம் பெரும்பாலும் தளத்தில்தான் வார்க்கப்படும். இது பின்னால் ஒரு சிக்கலாக வரும்.

மத்திய அரசு 2021 ஜனவரி 1 அன்று ஆறு நகரங்களில் ‘லைட் ஹவுஸ்’ என்னும் மாதிரி வீட்டுத் திட்டங்களுக்கு அடிக்கல் நாட்டியது. ஒவ்வொரு நகரத்திலும் ஒரு புதிய முறை. ராஞ்சியில் பெட்டி அறைகள், அகர்தலாவில் மெல்லிய இரும்புச் சட்டகம், சென்னை பெரும்பாக்கத்தில் முன்வார்ப்புத் தூண், உத்தரம், தளப் பலகை. பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகள், தரைத்தளமும் ஐந்து மாடியும் கொண்ட 12 பிளாக்குகள். இலக்கு 12 மாதம். நடுவில் கோவிட் அலைகள் வந்தும் 2022 மே 26 அன்று திறக்கப்பட்டது. இலக்கைத் தாண்டினாலும், 1,152 வீடுகள் பதினேழு மாதத்துக்குள் எழுந்தது நல்ல வேகம்தான். ஆனாலும் தனியார் பில்டர்கள் கூட்டமாக அந்தப் பக்கம் திரும்பிவிடவில்லை. பெரும்பாக்கத்தில் இடம் ஒன்றாகவும் பெரியதாகவும் இருந்தது, வீடுகள் ஒரே மாதிரி இருந்தன, வாங்குபவர் ஒருவரே. இந்த மூன்றும் சேர்ந்து அமையும் தனியார் மனை அபூர்வம்.

முடிவுகளை முன்கூட்டியே பூட்ட வேண்டும்

நம் வழக்கத்தில் சுவர் எழும்பிய பிறகுதான் எலக்ட்ரீஷியன் வருவார். வீட்டுக்காரர் கூடவே நடந்து, ‘டிவி இந்தச் சுவர்ல, ஏசி பாயின்ட் இங்க’ என்று சாக்பீஸால் கோடு போடுவார். பிறகு சுவரைக் கொத்தி பைப் பதித்துப் பூசிவிடுவார்கள். பிரீகாஸ்டில் அந்தப் பைப்பும் சுவிட்ச் பாக்ஸும் கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்பே மோல்டுக்குள் கட்டப்பட்டிருக்க வேண்டும். பாரம் தாங்கும் சுவரைப் பின்னால் கொத்தினால் உள்ளிருக்கும் கம்பி வெட்டுப்படும். 150 மி.மீ. கனச் சுவரில் 40 மி.மீ. ஆழத்துக்குக் கிடைமட்டமாகக் கொத்திவிட்டால், அந்த இடத்தில் சுவரின் கால் பங்குக்கு மேல் போய்விட்டது என்று பொருள்.

அதனால் கட்டடக் கலைஞர், கட்டமைப்புப் பொறியாளர், மின்சாரம், பிளம்பிங், லிப்ட் கம்பெனி எல்லாரும் முதல் பலகை வார்ப்பதற்குப் பல வாரங்களுக்கு முன்பே உட்கார்ந்து வரைபடத்தை முடித்துக் கையெழுத்திட வேண்டும். ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனி வரைபடம் உண்டு. அதில் கம்பி, தூக்கும் கொக்கி, முட்டுக் கொடுக்கும் துளை, பைப் ஓடும் பாதை, எடை எல்லாம் இருக்கும். சிறிய பில்டர்களிடம் இந்த வரைபடம் போடும் ஆளே கிடையாது. பாதி வரைபடத்தோடு பூமி பூஜை போட்டு, மீதியை வேலை நடக்க நடக்கப் பார்த்துக்கொள்வது அவர்களுடைய நடைமுறை. விற்பனையும் இதோடு பின்னியிருக்கிறது. முன்பதிவு செய்தவர் கேட்டால் சமையலறையை மாற்றித் தருவோம் என்று சொல்லித்தான் பல பிளாட்டுகள் விற்கின்றன. வார்த்து முடித்த பலகையில் அந்தச் சலுகைக்கு இடமில்லை.

அளவும் பூட்டப்பட வேண்டும். தேசியக் கட்டட விதித்தொகுப்பிலும், முன்வார்ப்புக்கான ஐஎஸ் 15916 தரநிலையிலும் 100 மி.மீ. அடிப்படை அலகில் அளவுகளை அமைக்கச் சொல்கிறார்கள். ஆனால் நகர மனைகள் கோணலும் மாணலுமாக இருக்கும். மனையின் எல்லையோரம் விட வேண்டிய காலியிடம் (செட்பேக்) விட்டது போக மிஞ்சும் ஒவ்வோர் அங்குலத்தையும் பிளாட்டாக மாற்றினால்தான் லாபம் என்னும்போது, ஒரே தளத்தில் நான்கு வீடும் நான்கு அளவில் வந்துவிடும்.

மோல்டு கணக்கு

நான்கு அளவு என்றால் நான்கு செட் மோல்டு. விலை எப்படி ஏறுகிறது என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்கு: ஓர் இரும்பு மோல்டுக்கு நான்கு லட்சம் ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 400 பலகை வார்த்தால் ஒரு பலகைமேல் விழும் மோல்டு செலவு ஆயிரம் ரூபாய். 20 பலகையோடு நிறுத்திவிட்டால் இருபதாயிரம். இருபது வீடு கட்டும் பில்டருக்கு பிரீகாஸ்ட் கட்டுப்படியாகாததற்கு முதல் காரணம் இதுதான். சிமென்ட்டும் கம்பியும் மிச்சப்படுவதெல்லாம் இந்த வித்தியாசத்துக்கு முன்னால் நிற்காது.

மோல்டுக்கு மேல் தொழிற்சாலை. வார்ப்பு மேசை, நீராவிப் பதப்படுத்தல், கேன்ட்ரி கிரேன், பலகைகளை அடுக்கிவைக்க விரிந்த யார்டு. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வட்டி ஓடிக்கொண்டேயிருக்கும். வீட்டுத் தேவையோ ஏறி இறங்கும். கலிபோர்னியாவில் 2015இல் தொடங்கிய கட்டெரா நிறுவனம், பெரும் முதலீட்டோடு பல தொழிற்சாலைகளை ஒரே நேரத்தில் பிடித்தது. நம் கிருஷ்ணகிரியில் இருந்த கேஇஎஃப் இன்ஃப்ரா ஆலையும் 2018இல் அதோடு இணைந்தது. 2021 ஜூனில் கட்டெரா திவால் மனு கொடுத்தது. பிரிட்டனில் லீகல் அண்ட் ஜெனரல் என்ற பெரிய காப்பீட்டு நிறுவனமே 2023இல் தன் ஆயத்த வீட்டு ஆலையில் புதிய உற்பத்தியை நிறுத்தியது. தொழில்நுட்பம் தெரியாதவர்கள் யாரும் இல்லை. ஆலைக்குத் தீனி போடும் அளவுக்கு ஒரே மாதிரியான வேலை தொடர்ந்து வராவிட்டால் எவ்வளவு மூலதனம் இருந்தாலும் தாங்காது.

எடை, சாலை, கிரேன்

3 மீட்டருக்கு 3 மீட்டர், 150 மி.மீ. கனமுள்ள சுவர்ப் பலகை 1.35 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு 2.5 டன் என்றால் எடை 3.4 டன். ஆறு மீட்டர் நீளச் சுவர் என்றால் ஏழு டன்னைத் தொடும். வழக்கமான அடுக்குமாடித் தளத்தில் நிற்கும் டவர் கிரேன் கையின் நுனியில் ஒன்றரை டன் தூக்கினால் அதிகம். கான்கிரீட் வாளிக்கும் கம்பிக் கட்டுக்கும் அது போதும். பிரீகாஸ்டுக்கு, மிகக் கனமான பலகையை மிகத் தொலைவான மூலையில் வைக்கும் எடையைக் கொண்டு கிரேனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 3.4 டன்னை 30 மீட்டரில் வைக்க, கொக்கி சங்கிலியின் எடையைச் சேர்க்காமலே 102 டன்-மீட்டர் (எடையைத் தொலைவால் பெருக்கிய அளவு) திறன் வேண்டும். பெரிய கிரேனின் வாடகை மாதாமாதம் ஓடும். ஒரு நாள் பலகை வராவிட்டாலும் அந்த வாடகை நிற்காது.

பலகை வரும் வழியும் ஒரு கேள்வி. சுவர்ப் பலகைகளைப் படுக்கவைத்து ஏற்றினால் விரிசல் விடும் என்பதால் ‘ஏ’ வடிவச் சட்டத்தில் நிற்கவைத்துத்தான் கொண்டுவருவார்கள். மூன்று மீட்டர்ப் பலகை சாதாரண டிரெய்லர் தளத்தின்மேல் நின்றால் உச்சி நாலரை மீட்டரைத் தொடும். தெருவுக்குக் குறுக்கே தொங்கும் மின்கம்பி, கேபிள் டிவி வயர், கோயில் வளைவு, டிரெய்லர் திரும்ப முடியாத முடுக்கு என்று ஆலைக்கும் தளத்துக்கும் நடுவில் ஏதாவது ஒன்று நிற்கும். பகலில் நகருக்குள் கனரக வாகனங்களுக்குத் தடை இருக்கும் ஊர்களில் பலகை இரவில் வந்து இறங்க வேண்டும். இறக்கிவைக்கத் தளத்தில் இடமும் வேண்டும். வரும் சாலையை ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் பலகை அளவை முடிவுசெய்வது, பிரீகாஸ்டில் அடிக்கடி நடக்கும், எளிதில் தவிர்க்கக்கூடிய பிழை.

உயிர்நாடி இணைப்பில் இருக்கிறது

தளத்தில் வார்க்கும் கட்டடத்தில் தூணும் உத்தரமும் ஒரே வார்ப்பாக இறுகிவிடும். பிரீகாஸ்டில் பலகைகள் எவ்வளவு தரமாக இருந்தாலும், அவற்றைச் சேர்க்கும் மூட்டு தளத்தில், வெயிலில், அவசரத்தில் உருவாகிறது. அனுபவமுள்ள பொறியாளர்கள் அஞ்சும் இடம் இதுதான். அந்த அச்சம் நியாயமானது.

சுவர்ப் பலகை ஒன்றைப் பொருத்தும் விதத்தைப் பாருங்கள். கீழ்த்தளத்திலிருந்து 16 மி.மீ. கம்பிகள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். மேலே வரும் பலகையின் அடியில், கம்பிக்கு நேராக, 50 மி.மீ. உள்விட்டமுள்ள நெளிகுழாய்கள் பதிந்திருக்கும். முதலில் 20 மி.மீ. உயரத்துக்கு ஷிம் தகடுகளை வைத்து மட்டம் பார்ப்பார்கள். கிரேன் பலகையை இறக்கும்போது ஒவ்வொரு கம்பியும் தன் குழாய்க்குள் போக வேண்டும். பிறகு பலகை ஒன்றுக்குக் குறைந்தது இரண்டு சாய்வு முட்டுகள் கொடுத்து, தூக்குக்குண்டு பார்த்துத் திருகி நிமிர்த்துவார்கள். முட்டு இறுகும்வரை கிரேனின் கொக்கியைக் கழற்றக் கூடாது. அடுத்து அடி இடைவெளியை ஓரங்களில் சாந்தால் அடைத்து, கிரவுட் எனப்படும் சுருங்காத சிமென்ட் கூழைக் கீழ்த் துளை வழியாகப் பம்ப் செய்வார்கள். மேல் துளையில் குமிழி இல்லாமல் கெட்டியாக வழிந்தால்தான் குழாய் நிரம்பியதாகக் கணக்கு.

எங்கே தவறுகிறது? குழாய் 50, கம்பி 16 என்றால் இரு பக்கமும் 17 மி.மீ.தான் விளையாட்டு. அஸ்திவாரமும் முதல் தளமும் கட்டும் இடத்திலேயே வார்த்தவை. கான்கிரீட் ஊற்றும்போது மிதித்தும் இடித்தும் கம்பி ஓர் அங்குலம் நகர்வது நம் தளங்களில் சாதாரணம். தளத்தில் வார்க்கும் வேலையில் அதை யாரும் கண்டுகொள்வதில்லை. இங்கே பலகை இறங்காது. கிரேன் காத்துக்கொண்டிருக்கும், மேஸ்திரி பதறுவார், பைப்பைச் செருகிக் கம்பியை வளைப்பார்கள். அதைவிட மோசம், கம்பியை அறுத்துவிட்டுப் பலகையை உட்காரவைப்பது. வெளியே எதுவும் தெரியாது. அந்தச் சுவர் கீழ்ச் சுவரோடு கட்டுண்டிருக்காது. இதைத் தடுக்க வழி எளிது: கான்கிரீட் போடும் முன், பலகையின் அடித்துளைகளையே பிரதி எடுத்த இரும்புத் தகட்டைக் கம்பிகளின்மேல் மாட்டிவிட வேண்டும், இறுகிய பிறகே எடுக்க வேண்டும்.

கிரவுட்டிலும் இதே கதை. மூட்டையில் அச்சிட்ட அளவுக்கு மேல் தண்ணீர் சேர்த்தால் பம்பில் சுலபமாக ஓடும், ஆனால் வலிமை இறங்கும், இறுகும்போது சுருங்கிக் கம்பியை விடும். சித்திரை வெயிலில் மதியம் கலந்தால் பாதி வழியிலேயே இறுகிக் குழாயை அடைத்துக்கொள்ளும். ஆகவே காலையில், குளிர்ந்த தண்ணீரில், அளவு குடுவை வைத்துக் கலப்பது கட்டாயம். ஒவ்வொரு நாளும் கிரவுட்டில் கியூப் (சிறு கனசதுரக் கட்டி) வார்த்து எடுத்துச் சோதிப்பதும், எந்தக் குழாய் எப்போது நிரம்பியது என்று பலகை எண்ணோடு எழுதிவைப்பதும் அதே அளவு கட்டாயம்.

வரலாறு இந்த அச்சத்துக்குச் சாட்சி. லண்டனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் கட்டடம் பெரிய சுவர்ப் பலகைகளால் ஆனது. 1968 மே 16 காலை 18ஆம் மாடியில் ஒரு வீட்டில் எரிவாயு வெடித்தது. மூலைச் சுவர் வெளியே தள்ளப்பட்டதும், அதை நம்பி நின்ற மேல்மாடிகள் சரிந்து, அந்த எடையில் கீழ்மாடிகளும் மூலையோடு போயின. நான்கு பேர் இறந்தனர். 1986இல் கட்டடத்தைப் பிரித்தபோது பல மூட்டுகள் சரியாக நிரப்பப்படாமல் இருந்தது தெரிந்தது. ஒரு பாகம் போனால் முழுவதும் சரியாதபடி பலகைகளை நெடுக்கிலும் குறுக்கிலும் கட்ட வேண்டும் என்ற விதிகள் அதன் பிறகே வந்தன. குஜராத்தில் 2001 புஜ் நிலநடுக்கத்தில், பலகைகளுக்கு இடையே போதிய கட்டு இல்லாத முன்வார்ப்புப் பள்ளிக் கட்டடங்கள் பல விழுந்தன. இன்று கம்பியும் மூட்டும் எப்படி அமைய வேண்டும் என்ற சரியான விவரிப்போடு கட்டும் பிரீகாஸ்ட் நிலநடுக்கத்தைத் தாங்கும். ஆனால் மூட்டைப் பார்த்துச் சோதிக்கத் தெரிந்த ஆள் தளத்தில் இல்லையென்றால் அந்த விவரிப்பு தாளோடு நின்றுவிடும். நம் பொறியியல் கல்லூரிகளிலும் இதைக் கைப்பழக்கமாகக் கற்பவர்கள் குறைவு.

வெளிப்புற மூட்டு தனிச் சிக்கல். பலகைக்குப் பலகை 15 முதல் 20 மி.மீ. இடைவெளியில் நுரைக் கயிறு திணித்து, மேலே பாலியூரித்தேன் சீலன்ட் அடைப்பார்கள். தூசியைத் துடைக்காமல், பிரைமர் அடிக்காமல் அடைத்தால் அடுத்த ஐப்பசி மழையிலேயே ஒழுகும். ஒழுகிய ஒரு கட்டடம் அந்த வட்டாரத்தில் பத்து வாடிக்கையாளர்களை விரட்டிவிடும். சீலன்ட்டுக்கு ஆயுள் உண்டு என்பதும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதும் குடியிருப்போர் அசோசியேஷனிடம் சாவி கொடுக்கும்போதே எழுத்தில் சொல்லப்பட வேண்டியவை. பெரும்பாலும் சொல்வதில்லை.

பணம் எப்போது வருகிறது?

அரசு வேலையில் ஒப்பந்ததாரருக்குத் தளத்தில் அளந்த வேலைக்குத்தான் பில். இத்தனை கன மீட்டர் கான்கிரீட், இத்தனை கிலோ கம்பி என்று அளவுப் புத்தகத்தில் ஏற வேண்டும். பிரீகாஸ்டில் முதல் சில மாதங்கள் தளத்தில் காட்ட ஒன்றுமே இருக்காது. மோல்டு வாங்கியாயிற்று, நூற்றுக்கணக்கில் பலகை வார்த்து யார்டில் அடுக்கியாயிற்று, ஆனால் அவை ‘தளத்துக்கு வந்த பொருள்’ ஆகாததால் பெரும்பாலான ஒப்பந்தங்களில் பணம் கிடைக்காது. அத்தனையும் ஒப்பந்ததாரரின் சொந்த மூலதனம் அல்லது வட்டிக்கு வாங்கிய பணம். தனிவீட்டுக் கடனும் அப்படித்தான். அஸ்திவாரம், லிண்டல், ரூஃப் என்று படிப்படியாக வங்கி விடுவிக்கும். ஒரே வாரத்தில் சுவரும் ரூஃப்பும் எழும் வீட்டுக்கு அந்தப் படிகள் பொருந்தாது. ஆலைக்குக் கொடுக்க வேண்டிய முன்பணத்துக்குப் படியே இல்லை.

வரி விஷயம் வெளியே அதிகம் பேசப்படுவதில்லை, ஆனால் கணக்குப் போடுபவர்களுக்குத் தெரியும். 2019 ஏப்ரல் 1 முதல் கட்டுமானத்தில் இருக்கும் வீடுகளுக்கு 5 சதவீதம், குறைந்த விலை வீடுகளுக்கு 1 சதவீதம் ஜிஎஸ்டி. ஆனால் பில்டர் தான் வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. முன்வார்ப்புப் பலகைக்கு 18 சதவீதம். சிறிய மேஸ்திரியின் ஆட்கள் தளத்தில் செய்தால் அந்தக் கூலிமேல் வழக்கமாக வரி இல்லை, ஏனென்றால் அவர் பதிவு வரம்புக்குக் கீழே இருப்பவர். அதே உழைப்பு ஆலைக்குள் போனால் பலகையின் விலையில் கலந்து, அதன்மேலும் 18 சதவீதம் விழுகிறது. தரம் கூடும் இடத்துக்கு வேலையை நகர்த்தினால் வரி கூடுகிறது. இது சரிசெய்யக்கூடிய குறை, சரிசெய்ய வேண்டிய குறை.

டெண்டர் முறையும் தடைதான். ஆலோசகர் தளத்தில் வார்க்கும் முறைக்கு வரைபடம் போட்டு, விலை விவரப்பட்டியல்படி மதிப்பீடு தயாரித்து, குறைந்த தொகை கேட்டவருக்கு வேலை கொடுப்பது வழக்கம். பிரீகாஸ்ட் செய்பவர் அப்போதுதான் உள்ளே வருகிறார். அவர் வரைபடத்தை மாற்றிப் போட்டால் யார் பொறுப்பு என்ற கேள்வி எழும். பட்டியலில் இல்லாத இனத்துக்கு விலை நிர்ணயிக்கத் தணிக்கைக்கு அஞ்சும் அதிகாரி தயங்குவார். புதிய முறைகளுக்கு மத்திய அரசின் பிஎம்டிபிசி அமைப்பு செயல்திறன் சான்று கொடுக்கிறது. அது வாசலைத் திறக்கும். மதிப்பீட்டையும் ஒப்பந்தத்தையும் அதற்கேற்ப மாற்றுவது ஒவ்வொரு துறையின் கையில்.

சிங்கப்பூர் இந்த முடிச்சை எதிர்ப்பக்கத்திலிருந்து அவிழ்த்தது. அங்கே வெளிநாட்டுத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் முதலாளி மாதந்தோறும் அரசுக்கு லெவி என்ற கட்டணம் கட்ட வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து போய் வேலைசெய்யும் பலருக்கு இது நன்றாகத் தெரியும். ஆள் விலை ஏறியதால் ஆளைக் குறைக்கும் முறை லாபமாயிற்று. வீட்டு வசதி வளர்ச்சிக் கழகம் பல ஆண்டுகளாகத் தன் அடுக்குமாடிகளில் முன்வார்ப்புப் பாகங்களைப் பயன்படுத்தியதால் ஆலைகளுக்குத் தொடர்ந்து வேலை கிடைத்தது. 2014 முதல் அரசு விற்கும் குறிப்பிட்ட நிலங்களில் பெட்டி அறை முறையை நிபந்தனையாகவே வைத்தது. நம் ஊரில் கூலி ஏறிக்கொண்டிருந்தாலும் வெளிமாநிலங்களிலிருந்து ஆள் வந்துகொண்டேயிருப்பதால், ஆளைக் குறைப்பதால் கிடைக்கும் மிச்சம் கிரேன் வாடகையை இன்னும் எல்லா இடத்திலும் ஈடுகட்டுவதில்லை.

இன்றைக்கு எங்கே பொருந்தும்?

முழு வீட்டையும் பலகையால் கட்டினால்தான் பிரீகாஸ்ட் என்றில்லை. படிக்கட்டு இதற்கு அருமையான தொடக்கம். சென்ட்ரிங் அடிக்கச் சிரமமானது, மாடிக்கு மாடி ஒரே அளவு, ஒரு மோல்டு போதும், வைத்த அன்றே ஏறிப்போக வழி கிடைக்கும். லிண்டல், சன்ஷேட், அலமாரிப் பலகை, வடிகால் மூடி ஆகியவற்றைத் தளத்தின் ஓரத்திலேயே வார்த்துக்கொள்ளலாம், பெரிய கிரேன் வேண்டாம். தரைத்தளம் வழக்கம்போல வார்த்து, மேல்தளங்களுக்கு மட்டும் முன்வார்ப்புத் தளப் பலகை போடுவது அடுத்த படி. விடுதி, மருத்துவமனை, பள்ளி, காவலர் குடியிருப்பு போல ஒரே அறை திரும்பத் திரும்ப வரும் கட்டடங்களில் முழு முறையும் கட்டுப்படியாகும்.

ஒப்பந்தம் போடும் முன் சப்ளையரிடம் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டியவை உண்டு. மிகக் கனமான பலகையின் எடை எவ்வளவு, அதை எந்தக் கிரேன் எந்தத் தொலைவில் வைக்கும்? மோல்டிலிருந்து எடுக்கும்போதும் தளத்தில் ஏற்றும்போதும் கான்கிரீட் வலிமை எவ்வளவு இருக்க வேண்டும், சோதனை முடிவை யார் கையெழுத்திடுவார்? கம்பி இடம் மாறியிருந்தால் என்ன செய்வது என்பதை முடிவுசெய்யும் கட்டமைப்புப் பொறியாளர் யார், அவர் தளத்துக்கு வர எத்தனை மணி நேரமாகும்? யார்டில் இருக்கும் பலகைக்கு எத்தனை சதவீதம் பணம், அதற்கு ஈடாகப் பலகைமேல் யாருடைய பெயரில் எண் குறிக்கப்படும்? வெளி மூட்டுச் சீலன்ட்டுக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம்? இதில் கம்பி பற்றிய கேள்விக்கு ‘தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று பதில் வந்தால், அந்த சப்ளையரோடு மேலே பேச வேண்டியதில்லை.